வெள்ளிக்கிழமை நானே வாரேன்

முதன்முதலில் வந்து விழுந்தது ஒரு சாணி உருண்டை. பேராச்சி வேலைக்குப் போயிருந்த அரபு நாட்டில், வாயில் நுழையாத பெயர்கொண்ட ஒரு மலையூரில், ஹலீமா டீச்சர் வீட்டு முற்றத்தில், டீச்சரின் இரட்டைப் பிள்ளைகளுடைய சட்டைகளை அவள் கொடியில் உதறிப் போட்டுக்கொண்டிருந்தபோது, காக்கை குருவி எதுவும் பறக்காத வெறும் வானத்திலிருந்து அது தொப்பென்று அவள் காலடியில் விழுந்து உடைந்தது. அந்த ஊரில் ஆடு உண்டு, கழுதை உண்டு, மாடு கிடையாது. ஆகவே அது உள்ளூர்ச் சாணி இல்லை என்பது பார்த்த உடனே தெரிந்தது. உடைந்த உருண்டைக்குள் ஒரு பால்பல் இருந்தது. சீனி தின்று தின்று விழுந்த பழுப்புப் பொட்டோடு இருந்த அந்தப் பல்லை, ஆயிரம் பல்லுக்கு நடுவே கலந்து போட்டாலும் பேராச்சி பொறுக்கி எடுத்துவிடுவாள், ஏனென்றால் அது முளைத்தபோது பிள்ளைக்கு மூன்று நாள் வயிற்றால் போனது, அந்த மூன்று நாளும் துணி அலசியது அவள்தான்.

அன்றைக்கே ஊருக்குப் போன் போட்டாள். ஊர் என்றால் திருநெல்வேலிக்குத் தெற்கே முத்தாலங்குளம். அங்கே அவளுடைய ஆறு வயது மகள் பொன்பிரியாவை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது அவளுடைய அக்கா சண்முகவடிவு. பிள்ளையின் அப்பன் பம்பாய்க்குப் போனவன், போனவன்தான்.

"ஏக்கா, பொன்னுக்குப் பல்லு விழுந்திட்டா?"

"ஆமா, இன்னைக்குத்தான். உனக்கு யாரு சொன்னா?"

"எங்க போட்டிய?"

"எங்க போடுவாவ? சாணியில உருட்டி ஓட்டு மேலதான் எறிஞ்சா."

"ஓட்டு மேல கெடக்கான்னு கொஞ்சம் பாரேன்."

அக்கா வெளியே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து, "காணலட்டி. காக்கா தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றாள்.

"காக்கா இல்லக்கா. இங்க வந்திட்டு."

"வந்திட்டா சரி, பத்திரமா வையி. ரேசன் கடையில பாமாயில் போடுதானாம், நான் போணும்" என்று அக்கா போனைப் பிள்ளையிடம் கொடுத்தாள்.

அப்போதுதான் பேராச்சி அந்தத் தப்பைச் செய்தாள். தப்பு என்று அப்போது யாருக்குத் தெரியும்? எந்தத் தாய்க்கும் வாயில் வருகிற வார்த்தைதான் அது. "தாயி, நீ ஓட்டு மேல எறிஞ்சியா, அது அம்மாகிட்ட வந்திட்டு. நீ என்னத்த எறிஞ்சாலும் அம்மாகிட்டதான் வரும் பாத்துக்கோ."

அதற்குப் பிறகு விழாத நாள் இல்லை. முத்தாலங்குளத்தில் பள்ளிக்கூடம் விட்டு பிள்ளை வீடு வந்து சேரும் நேரம், இங்கே மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவுகிற நேரம். அந்த நேரத்துக்குச் சரியாக, பேராச்சி முற்றத்தில் நின்றால் முற்றத்தில், மாடியில் நின்றால் மாடியில், அவளிடமிருந்து ஒரு கை தூரத்தில் வந்து விழும். பாதி கடித்த கொய்யாக்காய் விழுந்தது, ஒரு முறுக்கில் பாதி விழுந்தது, சிவப்பு ரிப்பன் விழுந்தது, கொடுக்காப்புளி விழுந்தது, கணக்கு நோட்டு விழுந்தது, சத்துணவில் போட்ட அவித்த முட்டையில் மஞ்சள் கரு மட்டும் ஒரு தாளில் சுற்றி விழுந்தது, ஏனென்றால் மஞ்சள் கரு அம்மாவுக்குப் பிடிக்கும். எது வந்தாலும் பாதி வந்தது. மீதிப் பாதி யார் வயிற்றில் இருக்கிறது என்பது தெரிந்ததால், வந்த பாதியைப் பேராச்சி சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்றாள்.

மலையூர்க்காரர்களுக்கு முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டு மாடியில் காயப்போட்ட பேரீச்சம்பழத்தின் மேல் புளிச்சாறு தெறித்தது. தெருவில் போன ஒரு ஆள் தலையில் சிலேட்டு பட்டது. பள்ளிவாசல் இமாமிடம் பிராது போனது. அவர் தாடியைத் தடவிக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்து, விழுகிறது அந்தப் பெண்ணுடைய சொத்து, அதில் மற்றவருக்குப் பாத்தியதை இல்லை, தின்பண்டமாக இருந்தால் பார்த்தவர்களுக்கு ஒரு வாய் கொடுப்பது நல்லது, தலையில் பட்டால் பட்டவர் பொறுத்துக்கொள்ள வேண்டும், எறிகிறது குழந்தை என்று தீர்ப்புச் சொன்னார். அதோடு தகராறு தீர்ந்தது. பக்கத்து வீட்டார் பேரீச்சைக்கு மேலே பழைய துணியைக் கட்டிக்கொண்டார்கள். தெருப் பிள்ளைகள் மத்தியானம் ஆனால் சுவர்மேல் வந்து உட்கார்ந்தார்கள். ஹலீமா டீச்சர் கணக்கு நோட்டை எடுத்துவைத்துச் சிவப்பு மையால் திருத்தினாள். தமிழ் எழுத்து தெரியாவிட்டால் என்ன, ஏழும் ஐந்தும் பதின்மூன்று என்று போட்டிருந்தால் எந்த நாட்டு டீச்சருக்கும் கை சும்மா இருக்குமா?

"உன் மகளுக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியவில்லை" என்று டீச்சர் குறை சொன்னாள்.

"நான் பக்கத்துல இருந்து சொல்லிக் கொடுத்தா படிப்பா" என்றாள் பேராச்சி, தனக்குத் தெரிந்த சமையலறை அரபியில். டீச்சர் அடுத்த கணக்கைத் திருத்தப் போனாள். பேராச்சி அந்நேரம் டீச்சரின் பிள்ளைகள் இரண்டையும் இரண்டு தொடையில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

இங்கிருந்து அவளும் எறிந்து பார்க்காமல் இல்லை. மாடியேறி ஒரு மிட்டாய்ப் பொட்டலத்தைத் தன் பலம் கொண்டமட்டும் வீசினாள். அது எதிர்வீட்டுக் கழுதையின் முன்னால் விழுந்தது, கழுதை தின்றது. ஒரு சின்னக் கவுனை வீசினாள். அது வேலிமுள்ளில் மாட்டியது, பிள்ளைகள் எடுத்துக் கொடுத்தார்கள். வழி ஒருபக்கம்தான் என்று அவளுக்குப் புரிந்தது.

தீபாவளிக்கு வாரேன் என்று போனில் சொன்னாள். டீச்சருக்குப் பரீட்சை வேலை வந்துவிட்டது. பொங்கலுக்கு வாரேன் என்றாள். இரட்டைப் பிள்ளைகளுக்கு அம்மை போட்டது. ஒரு வருஷம் முடிந்தபோது டீச்சரின் புருஷனுக்கு வேறு தேசத்துக்கு மாற்றல் ஆகி, வீட்டைப் பூட்டிவிட்டு எல்லாரும் காரில் ஏறினார்கள். பேராச்சி கையில் ஒரு விமான டிக்கெட்டும் எக்ஸிட் அடித்த தாளும் கொடுத்தார்கள். அந்தத் தாள் இருந்தால்தான் நாட்டை விட்டு வெளியே விடுவார்கள். தாளும் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான், விமானமும் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான். "தலைநகரத்துக்கு நீயே பஸ் பிடித்துப் போய்விடு, நாலு நாள் இருக்கிறது, தாராளம்" என்று சொல்லி ஹலீமா டீச்சர் அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். இரட்டைப் பிள்ளைகள் கார்க் கண்ணாடிக்குள்ளிருந்து "ஆச்சி, ஆச்சி" என்று கையை நீட்டின. அவளுடைய போனில் இருந்த சிம் டீச்சர் பேரில் இருந்ததால் அதுவும் அன்றோடு அணைந்துபோனது.

திங்கட்கிழமை காலையில் பேராச்சி மலையூரிலிருந்து பஸ் ஏறினாள். ஒரு வருஷம் இருந்த நாட்டை அன்றுதான் பார்த்தாள். அதுவரைக்கும் அந்த நாடு என்றால் அவளுக்கு ஒரு முற்றம், ஒரு அடுப்படி, அவற்றுக்கு மேலே சதுரமாக ஒரு வானம். இப்போது ஜன்னலுக்கு வெளியே புல் பூண்டு இல்லாத மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன, தண்ணீர் இல்லாத ஆறுகள் வந்தன, யாரும் இல்லாத இடத்தில் ஒற்றைப் பெட்ரோல் பங்க் வந்தது, அதன் வாசலில் ஒட்டகம் ஒன்று படுத்துக் கிடந்தது. தனியாக ஒரு ஊருக்கும் போய்ப் பழகாதவள், பக்கத்தில் பிள்ளை இல்லை, சோறு கட்டிய தூக்குவாளி இல்லை, தூங்கிவிழ ஒரு தோள் இல்லை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சனிக்கிழமை விடிந்தால் பிள்ளையைப் பார்த்துவிடலாம் என்ற ஒன்றை மட்டும் வாய்க்குள்ளே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு போனாள்.

மத்தியானம் பஸ்ஸின் கூரைமேல் டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது. டிரைவர் ஸயீத் வண்டியை ஓரங்கட்டி மேலே ஏறி, ஒரு சின்ன ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து, "யாருடையது?" என்றான். மலையூரிலிருந்து ஏறியவர்கள் பேராச்சியைக் காட்டினார்கள். ஸயீத் அதை அவளிடம் கொடுத்துவிட்டு வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"ஏன் நிற்கிறாய்?" என்று பின்னாலிருந்து ஒருவர் அதட்டினார்.

"ஒற்றைச் செருப்பை வைத்து அந்தப் பொம்பளை என்ன செய்வாள்? மற்றது வரட்டும்."

அது நியாயம்தான் என்று எல்லாருக்கும் பட்டது. ஒருவர் ஆரஞ்சுப்பழம் உரித்துப் பங்கு வைத்தார். கால் மணி நேரத்தில் இரண்டாவது செருப்பும் வந்து விழுந்தது. ஸயீத் வண்டியை எடுத்தான். ஆனால் செருப்போடு கூட ஒரு ஓட்டுச் சில்லும் விழுந்திருந்தது. பாசி பிடித்த, உடைந்த முனை புதுச் சிவப்பாக இருந்த அந்தச் சில்லைப் பேராச்சி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஓடு தானாக உடைந்து விழாது. ஒரு கால் மிதித்தால்தான் உடையும்.

பிள்ளை கூரைமேல் ஏறியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு ஜன்னலில் வந்த மலை எதையும் அவள் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பஸ் அவளை ஒரு நாற்சந்தியில் இறக்கிவிட்டது. நாலு திசைக்கும் லாரிகள் போகிற இடம். அதன் பேரும் வாயில் நுழையாததால் அவள் அதற்கு நாலுரோடு என்று பேர் வைத்துக்கொண்டாள். அங்கிருந்து தலைநகரத்துக்கு அடுத்த பஸ் வியாழன் மத்தியானம். ரொட்டிக்கடை வைத்திருந்த மர்யம் என்ற விதவை, மாவு மூட்டைகளுக்கு நடுவே அவளுக்குப் பாய் விரித்துக் கொடுத்தாள். எதிர்த்தாற்போல் டீக்கடை போட்டிருந்தவன் குஞ்ஞுமோன் என்ற மலையாளத்தான். தமிழ் பேசுகிற வாய் ஒன்றைக் கண்டதும் பேராச்சி அவனிடம் ஓடி, ஊருக்கு ஒரு போன் போட வேண்டும் என்றாள். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அக்கா நம்பர் ஒன்றுதான்.

மணி அடித்தது. ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை அடிக்கும்போது அந்த மணிச் சத்தம் காதிலிருந்து விலகித் தலைக்கு மேலே கேட்டது, பிறகு டீக்கடைத் தகரத்தில் டமாரென்று மோதி, உருண்டு, வாசலில் கிடந்த பெஞ்சின் மேல் அக்காவுடைய போன் வந்து விழுந்தது. இன்னும் அது அடித்துக்கொண்டிருந்தது. பேராச்சி கையிலிருந்த போனை வைப்பதா, விழுந்த போனை எடுப்பதா என்று திகைத்து நிற்கும்போதே அதன் விளக்கு அணைந்துவிட்டது.

"எந்தா சேச்சி இது?" என்றான் குஞ்ஞுமோன்.

"எங்க அக்கா போனு. வெளிநாட்டு நம்பரப் பாத்து நான்தான் கூப்பிடுதேன்னு கண்டுக்கிட்டு, எம்மவ என்கிட்டயே அனுப்பிட்டா."

குஞ்ஞுமோன் போனைத் தட்டினான், துடைத்தான், அரிசி டப்பாவுக்குள் போட்டுவைத்தான். அது பிழைக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் ரிப்பனால் கல்லில் கட்டிய ஒரு கடுதாசி வந்தது. மர்யம், ரொட்டி வாங்க வந்தவர்கள், லாரிக்காரர்கள், எல்லாரும் சுற்றி நின்றார்கள். பேராச்சி வாசித்தாள், குஞ்ஞுமோன் அரபியில் சொன்னான்.

"அம்மா நீ வர வேண்டாம். நீ வாரேன் வாரேன்னு சொல்லி வரல. உனக்கு பஸ்ஸில் வாந்தி வரும். நானே வாரேன். வெள்ளிக்கிழமை கோயில் கொடைக்கு லீவு. பெரியம்மா பொங்கல் வைக்கப் போயிருவா. ஏணி பார்த்து வச்சிட்டேன். நாலு மணிக்கு ஓட்டு உச்சியிலிருந்து குதிப்பேன். நீ கீழ நில்லு. இப்படிக்கு, பொன்பிரியா, இரண்டாம் வகுப்பு அ பிரிவு."

அங்கே நாலு மணி என்றால் இங்கே இரண்டரை மணி.

யாரும் இது நடக்குமா என்று கேட்கவில்லை. எப்படிப் பிடிப்பது என்றுதான் பேசினார்கள். டீக்கடைப் பெஞ்சில் பஞ்சாயத்து கூடியது. கொய்யாக்காய் அடிபடாமல் வந்திருக்கிறது, முட்டை நசுங்கியிருக்கிறது, போன் செத்துவிட்டது என்று பேராச்சி விவரம் சொல்லச் சொல்ல, விழுகிற வேகம் ஒரு வீட்டுக் கூரை உயரத்து வேகம்தான் என்று ஒரு லாரிக்காரன் கணக்குச் சொன்னான். அப்படியென்றால் தார்ப்பாய் தாங்கும். ஆனால் அவள் எங்கே நிற்கிறாளோ அங்கேதான் பிள்ளை விழும்.

"வியாழக்கிழமை பஸ்ஸில் போய், தலைநகரத்தில் நின்று பிடித்தால் என்ன?" என்று ஒருவர் கேட்டார்.

"அங்கே இவளுக்கு யாரைத் தெரியும்? தார்ப்பாய் பிடிக்க யார் வருவார்கள்? ஏர்போர்ட்டில் வெட்டவெளியில் நிற்க விடுவார்களா?" என்றாள் மர்யம்.

"இல்லாட்டி விமானத்துக்குள்ளே..." என்று அவர் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"பொண்ணு லேட்டாயி, சாயங்காலம் குதிச்சா?" என்றான் குஞ்ஞுமோன். "பிளேன் மேலெ போய்ட்டா, பிள்ளை பிளேனுக்கும் மேலெ அல்லே வரும், சேச்சி."

பேராச்சி கைப்பையைத் திறந்து டிக்கெட்டையும் தாளையும் ஒருமுறை பார்த்துவிட்டு மூடினாள். வெள்ளிக்கிழமை தாண்டினால் அந்தத் தாள் செல்லாது. மறுபடி ஒரு தாள் அடித்து வாங்க வேண்டுமென்றால் டீச்சர் வீட்டார் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அவர்கள் எந்த தேசத்தில் இருக்கிறார்களோ. ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருஷம் ஆகலாம். "நான் இங்கேயே நிக்கேன்" என்றாள்.

முத்தாலங்குளத்துக்குப் பக்கத்தில் வள்ளியூரில் குஞ்ஞுமோனுக்கு ஒரு மச்சான், ரஜாக் என்று பேர், டயர்க்கடை வைத்திருக்கிறான். அவனுக்குப் போன் போட்டால் அவன் கல்யாண வீட்டுக்குக் கொல்லம் போயிருந்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் திரும்புவேன், வந்த காலோடு முத்தாலங்குளம் போகிறேன் என்றான்.

"போயிட்டு என்ன சொல்லணும் சேச்சி? அறியாத ஆள் சொன்னா பிள்ளை இறங்குமா?"

பேராச்சி யோசித்தாள். கெஞ்சினால் கேட்க மாட்டாள், மிரட்டினால் இன்னும் ஏறுவாள். அது அவள் பெற்ற பிள்ளை, அவளுக்குத் தெரியாதா? "அம்மா உன்னய வரவேண்டாம்னு சொல்லிட்டான்னு சொல்லச் சொல்லுங்க. அதுக்குத்தான் இறங்குவா."

வியாழக்கிழமை காலையில் தார்ப்பாயைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. பிள்ளை என்ன எடை என்று லாரிக்காரர்கள் கேட்டார்கள். போன வருஷம் ரேசன் கடைத் தராசில் ஏற்றி நிறுத்தினபோது பதினாறு கிலோ. இப்போது என்ன எடை? பேராச்சிக்குத் தெரியவில்லை. பெற்ற பிள்ளையின் எடை தெரியாமல் அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவே நின்றாள். மர்யம் மட்டும் சும்மா நிற்கவில்லை. பஸ்மேல் விழுந்த அந்த ரப்பர் செருப்பை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய், வீடு வீடாகப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காலில் மாட்டிப் பார்த்தாள். செருப்பு சரியாகப் பொருந்திய ஒரு சிறுமியைக் கையைப் பிடித்து அழைத்துவந்து, மாவு நிறுக்கும் தராசில் ஏற்றினாள். பத்தொன்பதரை. அந்தச் சிறுமி கீழே இறங்காமல் பேராச்சியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேராச்சி அவளைத் தூக்கினாள், இடுப்பில் வைத்தாள், ஒரு வருஷத்தில் எவ்வளவு கனம் கூடியிருக்கிறது என்று பார்த்தாள், பார்த்துவிட்டு இறக்கிவிடாமல் அப்படியே வைத்திருந்தாள். கடைசியில் சிறுமியின் அம்மாதான் வந்து மெதுவாக விரலைப் பிரித்து வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

பத்தொன்பதரைக் கிலோ மாவு மூட்டையை லாரி உச்சியிலிருந்து நாலு தடவை போட்டார்கள். மூன்று தடவை தார்ப்பாய் தாங்கியது, நாலாவது தடவை ஒரு மூலையில் தையல் விட்டது. நாலுரோட்டுப் பெண்கள் வீட்டுக்கொரு கம்பளியாகக் கொண்டுவந்து, உட்கார்ந்து, தார்ப்பாயின் அடியில் வைத்துத் தைத்தார்கள். அவர்கள் தைத்துக்கொண்டிருக்கும்போது தலைநகரத்து பஸ் வந்தது, ஹாரன் அடித்தது, பத்து நிமிஷம் நின்றது, பேராச்சி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே தலை நிமிராமல் இருந்தாள், பஸ் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்கு ஊரில் பாதிப் பேர் முதலில் போவது, மீதிப் பேர் தார்ப்பாயின் பக்கத்தில் இருப்பது என்று பேசி வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு நேரம் பார்க்கத் தெரியாது, முன்னாலேயே குதித்தாலும் குதித்துவிடும் என்று மர்யம் சொன்னதால் அந்த ஏற்பாடு. இரண்டு மணிக்கெல்லாம் நாற்பது பேர் நாற்சந்தி நடுவில் வட்டமாக நின்று தார்ப்பாயை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துவிட்டார்கள். நாலு பக்கமும் லாரிகள் நின்றன, யாரும் ஹாரன் அடிக்கவில்லை. பேராச்சி தார்ப்பாயை ஒட்டி, வட்டத்தில் ஒருத்தியாக, காலை அசைக்காமல் நின்றாள். ஒரு எட்டு தள்ளி நின்றால் பிள்ளை ஒரு எட்டு தள்ளி விழுவாள்.

இரண்டு இருபதுக்கு ஓட்டுச் சில்லு ஒன்று விழுந்தது. பின்னால் இன்னொன்று. பின்னால் ஒரு முழு ஓடு விழுந்து தார்ப்பாயில் குதித்தது. நாற்பது பேரும் மூச்சை இழுத்தார்கள். அதன் பிறகு ஒரு பள்ளிக்கூடப் பை விழுந்தது. மர்யம் எட்டி அதை இழுத்து, கைக்கு வேலை வேண்டுமே என்று திறந்தாள். உள்ளே ஒரு மாற்றுக் கவுன், சீப்பு, பல் தேய்க்கிற பிரஷ், வழியில் வாந்தி வந்தால் மோந்து பார்க்க ஒரு எலுமிச்சம்பழம்.

"வந்திராத தாயி" என்று பேராச்சி வானத்தைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிய வாய் மூடுமுன்னே, தார்ப்பாய் ஓரத்தைப் பிடித்திருந்த அவளுடைய இரண்டு கையும் அவளைக் கேட்காமலேயே மேலே உயர்ந்தன.

இரண்டரை ஆனது. இரண்டு முப்பத்தைந்து ஆனது. கை கடுத்துப்போனவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார்கள். அப்போது குஞ்ஞுமோனின் போன் அடித்தது. அவன் ஒரு கையால் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் எடுத்து, கேட்டு, கண்ணை மூடி, "அல்ஹம்துலில்லா" என்று சொல்லிவிட்டு அதைப் பேராச்சியின் காதில் வைத்தான்.

"இறக்கியாச்சு" என்றான் ரஜாக், மூச்சிரைக்க. "கால்ல ஒரு கீறல், அவ்வளவுதான். முதல்ல இறங்க மாட்டேன்னா. நீங்க வரவேண்டாம்னு சொன்னீங்கன்னு சொன்னேன். அப்புறம் தானா இறங்கிட்டா. இந்தா, பேசுங்க."

போனில் மூச்சுச் சத்தம் வந்தது. தூரத்தில் கொடைக்கு அடிக்கிற மேளம் கேட்டது.

"பொன்னு" என்றாள் பேராச்சி.

"நீயா வரவேண்டாம்னு சொன்ன?"

"ஆமா தாயி."

"ஏன்?"

"ஏட்டி, நீ விழுந்திருவல்லா."

"கீழ நீ நிக்கலியா? நிக்கச் சொல்லி எழுதியிருந்தம்லா."

"நிக்கேன். நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அப்பம் பிடிச்சிருப்பேல்லா."

பேராச்சி சுற்றிலும் பார்த்தாள். நாற்பது பேர், எண்பது கை, லாரித் தார்ப்பாய், அதன் அடியில் ஊரார் வீட்டுக் கம்பளிகள், அதற்கு அப்பால் பஸ் போன ரோடு. பிடித்திருப்பேன் என்று சொன்னால் ஏணி அங்கேதான் இருக்கிறது. அடுத்த லீவு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு ரஜாக் வர மாட்டான். பிள்ளை எந்த நேரம் ஏறுவாள் என்று எழுதிப் போடவும் மாட்டாள். இந்த நாற்பது பேரும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை நிற்பார்கள்?

"சொல்லும்மா. பிடிச்சிருப்பியா, மாட்டியா?"

"மாட்டேன்" என்றாள் பேராச்சி. "நான் பிடிச்சிருக்க மாட்டேன்."

மேளம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு பிள்ளை யாரிடமோ, "இந்தாங்க மாமா, உங்க போனு" என்று மரியாதையாகச் சொல்லிக் கொடுப்பது கேட்டது, அதோடு நின்றுபோனது.

தமிழ் தெரிந்தவன் அங்கே குஞ்ஞுமோன் ஒருவன்தான். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மற்ற யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. போன் பேசிய பிறகும் பேராச்சி தார்ப்பாயை விடாமல் மேலேயே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, பிள்ளை இதோ வந்துகொண்டிருக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, மர்யம் எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு குரல் கொடுத்தாள்; நாற்பது பேரும் காலை அகட்டி ஊன்றிக்கொண்டு இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள்.